பச்சைப் பூஞ்சைக்குப் பசி வேண்டும்

கோடையில் வயலுக்கு எரு அடிக்கிற நாட்களில் குமராட்சிப் பக்கத்துக் கோழிகளுக்குக் கொண்டாட்டம். எருக்குழியின் அடிமட்டம் வரை மண்வெட்டி இறங்கியதும், கட்டைவிரல் தடிமனில் அழுக்கு வெள்ளைப் புழுக்கள் உருண்டு வரும். பழுப்பு மண்டை, அரிவாள் போல வளைந்த உடம்பு. தென்னங்குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டின் பிள்ளைகள் இவை. கோழி ஒன்றையும் விடாது. ஆனால் எப்போதாவது ஒரு புழு நெளியாமல் கிடக்கும். எடுத்தால் கனமே இருக்காது. விரலால் அழுத்தினால் காய்ந்த சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒடியும். மேல்தோல் முழுக்கப் பாசி பிடித்தது போலக் கரும்பச்சைத் தூள். தொட்ட விரலில் அந்தப் பச்சை ஒட்டிக்கொண்டு வரும்.

செத்த புழுதானே என்று நாம் தூக்கி எறிந்துவிடுவோம். பூச்சியியல் படித்தவர் கண்ணில் பட்டால் காலித் தீப்பெட்டியைத் தேடுவார். அந்தப் பச்சைத் தூள் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையின் வித்துகள். ஒரு புழுவின் மேல் கோடிக்கணக்கில் இருக்கும். புழுவைக் கொன்றது அதுதான். கொன்ற வீட்டிலேயே பிள்ளை பெற்று, அடுத்த புழு உரசிப் போகட்டும் என்று காத்துக் கிடக்கிறது.

ஒரு பக்கம் கொள்ளிடம், இன்னொரு பக்கம் வீராணம் என்று தண்ணீருக்கு நடுவே இருக்கிற ஊர்கள் இவை. கீழணையில் பிரிகிற வடக்கு ராஜன் வாய்க்கால் பாய்ச்சலில் சம்பா விளையும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் வயலில் ஈரம் காயாது. இலைச்சுருட்டுப் புழு, குருத்துப்பூச்சி, எல்லாவற்றுக்கும் மேலே புகையான். தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் வயலின் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்து, யாரோ புகை போட்டது மாதிரி ஆகிவிடும். பெயரே அதனால் வந்ததுதான்.

புகையானைப் பற்றி ஒரு விஷயம் முக்கியம். அது இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி குத்திச் சாறு குடிக்கிறது. பி.டி. என்று கடையில் விற்கும் பாக்டீரியா மருந்தோ, புழுக்களைக் கொல்லும் என்.பி.வி. வைரஸோ பூச்சியின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். இலைமேல் தெளித்தது சாறு குடிப்பவன் வாய்க்குள் போவது எப்படி? பூஞ்சைக்கு அந்தக் கவலை கிடையாது. வாய் வேண்டாம், வயிறு வேண்டாம். மேல்தோலில் பட்டால் போதும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு பிவேரியா, புகையானுக்கு மெட்டாரைசியம் என்று அரசுப் பதிவு பெற்ற தூள்கள் இன்று உரக்கடையில் கிடைக்கின்றன. வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொட்டலம். அதற்குள் இருப்பதை வளர்த்தெடுப்பது எப்படி, அதில் எங்கே ஏமாறுவோம் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் அது கொல்லும் விதத்தைப் பார்த்துவிடலாம். வித்தின் வெளிப்பக்கம் தண்ணீரை ஒட்டவிடாத புரதத்தால் ஆனது. பூச்சியின் மேல்தோலும் மெழுகு பூசியது. சேம்பிலையும் சேம்பிலையும் ஒட்டினாற்போல இரண்டும் பொருந்திக்கொள்ளும். ஈரம் இருந்தால் ஒரு நாளைக்குள் வித்து முளைக்கும். முளை கொஞ்ச தூரம் ஊர்ந்து, நுனியில் தட்டையாக ஒரு குமிழைப் பதித்து, அங்கிருந்து கீழே துளை போடும். கொழுப்பைக் கரைக்க ஒரு நொதி, புரதத்தை அறுக்க ஒரு நொதி, கைட்டினைச் சிதைக்க ஒரு நொதி. இதோடு குமிழுக்குள் ஏறுகிற அழுத்தமும் சேர்ந்து ஆணி அடிக்கிற மாதிரி உள்ளே இறங்கும்.

உள்ளே போனதும் ஆள் மாறிவிடும். நூலாக இருந்தது, ஈஸ்ட் போலத் துண்டு துண்டாகி இரத்தத்தில் மிதக்கும். பூச்சியின் இரத்தத்திலும் கிருமியை விழுங்குகிற அணுக்கள் உண்டு. அவை அடையாளம் கண்டுகொள்ளாதபடி மெட்டாரைசியம் தன் மேல் ஒரு புரதப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. டெஸ்ட்ரக்ஸின் என்ற நஞ்சையும் கசியவிடுகிறது. மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் கதை முடியும். பூச்சி செத்த பிறகு, காற்றில் ஈரம் இருந்தால் மட்டும், வெள்ளை நூல்கள் மூட்டு இடுக்குகள் வழியாக வெளியே வரும். பிறகு பச்சை படியும். பிவேரியா என்றால் கடைசிவரை வெள்ளைதான்.

இந்த வெள்ளைப் பூஞ்சையை முதலில் பிடித்தவர் இத்தாலியின் லோடி ஊர்க்காரர் அகோஸ்தீனோ பாஸி. சட்டம் படித்தவர், பண்ணை வைத்திருந்தவர், கண் பார்வை மங்கியவர். பட்டுப்புழு வெள்ளைக் கட்டியாகச் செத்துப்போகும் நோயை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் துரத்தி, அது உயிருள்ள ஓர் ஒட்டுண்ணியால் வருவது, தொற்றிப் பரவுவது என்று 1835ல் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று விலங்குக்கு நோய் தரும் என்று காட்டியதில் பாஸ்டருக்கும் காக்குக்கும் முன்னோடி அவர். பிவேரியா பேசியானா என்ற பெயரின் பின்பாதி அவருடையது. அவர் காலத்தில் அது பட்டுக்காரர்களின் எதிரி, இன்றும் அப்படியே. மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் பிவேரியா தெளிக்கக் கூடாது.

பச்சைப் பூஞ்சையின் கதை 1879ல் ஒடெஸாவில் தொடங்குகிறது. கோதுமைக் கதிரை அழித்த வண்டின் புழுக்களில் அதைக் கண்ட இலியா மெச்னிகோவ், எதிரியைக் கூலிக்கு அமர்த்தலாமே என்று யோசித்தார். வண்டிலிருந்து வளர்த்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது, பீர் காய்ச்சும் மால்ட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்பதும் அவர் யோசனைதான். 1884ல் கிராசில்ஷிக் என்பவர் உக்ரைனின் ஸ்மேலாவில் சிறிய உற்பத்திக்கூடமே வைத்து, சர்க்கரைக்கிழங்கு வண்டுகளின் மேல் வித்துகளைத் தூவினார். மெச்னிகோவ் பிறகு வேறு பாதையில் போய், கிருமியை இரத்த அணுக்கள் விழுங்குவதைக் கண்டு சொல்லி 1908ல் நோபல் பரிசு பெற்றார். அவர் வளர்க்கச் சொன்ன பூஞ்சை, அவர் கண்டுபிடித்த அதே விழுங்கும் அணுக்களிடமிருந்து போர்வை போர்த்தித் தப்பிக்கிறது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்கு இந்த வேடிக்கை அலுப்பதே இல்லை.

சரி, தீப்பெட்டியில் வந்த புழுவிடம் வருவோம்.

ஆய்வகத்தில் அதற்கு முதல் மரியாதை குளியல். துணி வெளுக்கிற ஹைப்போகுளோரைட்டை நீர்க்கவைத்து அதில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி, சுத்த நீரில் இரண்டு மூன்று தடவை அலசுவார்கள். மேலே ஒட்டிய எருக்குழிக் கிருமிகள் போக வேண்டும், உள்ளே இருக்கிற பூஞ்சை மிஞ்ச வேண்டும். ஈரமான வடிதாள் விரித்த கண்ணாடித் தட்டில் வைத்து மூடினால் சில நாளில் புதிதாகப் பூக்கும். அந்தப் பூவின் நுனியை ஊசியால் தொட்டு, உணவுத் தட்டில் கோடு இழுக்க வேண்டும்.

செத்த புழு கிடைக்கவில்லை என்றாலும் வழி உண்டு. மண்ணை டப்பாவில் எடுத்து, கொஞ்சம் ஈரப்படுத்தி, அதில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களை விட்டு, அவ்வப்போது டப்பாவைக் கவிழ்த்து வைப்பார்கள். தேன்கூட்டில் அடையைத் தின்று நாசம் செய்யும் அதே புழுதான். மண்ணுக்குள் ஊர்ந்து திரியும்போது அங்கே பூஞ்சை இருந்தால் பிடித்துக்கொள்ளும். தூண்டிலில் மண்புழு மாட்டி மீன் பிடிப்பது போலப் புழு போட்டுப் பூஞ்சை பிடிப்பது. 1986ல் ஜெர்மனியின் சிம்மர்மான் எழுதிவைத்த இந்த முறையை மாற்ற இன்றுவரை யாருக்கும் அவசியம் வரவில்லை.

அந்த உணவுத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை, பெப்டோன், கொஞ்சம் ஈஸ்ட் சாறு, உறையவைக்க அகார். இந்தக் கலவை பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ரேமோன் சபுரோவின் பெயரால் வழங்குகிறது. படை, சொறி நோய்களின் பூஞ்சையை வளர்க்க அவர் சேர்த்த பக்குவம், பூச்சிப் பூஞ்சைக்கும் பிடித்துப்போய்விட்டது. அகார் கடற்பாசியிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி அகாருக்குப் பேர்போனது. இராமநாதபுரத்துக் கடலடியில் கையால் பறித்த பாசியின் மேல் எருக்குழிப் பூஞ்சை வளர்வதை நினைத்தால், ஆய்வகம் என்பது நாம் எண்ணுகிற அளவுக்கு ஊரைவிட்டு விலகிய இடமில்லை.

25லிருந்து 28 டிகிரி இருந்தால் மெட்டாரைசியம் சுகமாக வளரும். 37 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலான வகைகள் நின்றுபோகும். மனித உடம்பின் சூடு அதற்கு ஒத்துவராது. தெளிக்கிற ஆளை அது தொற்றாததற்கு இது ஒரு காரணம். ஆனால் தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமை வரும், துணி கட்டிக்கொள்வது நல்லது. சித்திரை மாதத்துச் சிதம்பரத்தில் கரண்ட் போனால் பூஞ்சை அறையில் இருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு வியர்த்தால் விசிறிக்கொள்ளலாம், அதற்கு முடியாது.

தட்டில் வளர்ந்தது ஒரு பிடி. ஒரு ஏக்கருக்கு ஒரு கிலோவாவது வேண்டும். அங்கேதான் அரிசி வருகிறது. அதிலும் நொய்யரிசி. விலை மலிவு, மாவுச்சத்து நிறைய, பருக்கைகளுக்கு நடுவே காற்று போக இடம் இருக்கும். ஊறவைத்து, பாலிபுரொப்பிலீன் பையில் அளவாகப் போட்டு, வாய்க்குப் பஞ்சு அடைத்து, ஆட்டோக்ளேவில் 121 டிகிரியில் அவிக்க வேண்டும். 1879ல் பாஸ்டரின் உதவியாளர் சார்ல்ஸ் சாம்பர்லான் செய்த கருவி இது. மெச்னிகோவ் பூஞ்சையைப் பார்த்த அதே ஆண்டு. வேறொன்றுமில்லை, பெரிய பிரஷர் குக்கர். பதம்தான் கை பழக வேண்டியது. குழைந்தால் கட்டி பிடித்து நடுவில் காற்று போகாது, விறைத்தால் பூஞ்சைக்கு ஈரம் போதாது. புளியோதரைக்குச் சாதம் வடிக்கத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை தெரியும்.

ஆறிய பிறகு உறை ஊற்றுவது. குடுவையில் திரவமாக மூன்று நான்கு நாள் வளர்த்து வைத்த பூஞ்சையைப் பைக்குள் செலுத்தி, குலுக்கி, அடுக்கி வைப்பார்கள். மூன்றாம் நாள் வெள்ளை நூல் பின்னி அரிசி கட்டியாகும். பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே பிசைந்து உதிர்த்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் மஞ்சள் தட்டி, பிறகு பச்சை ஏறும். இரண்டு வாரத்தில் பை முழுக்க, பச்சைச் சாயத்தில் முக்கியெடுத்த அரிசி போல இருக்கும். பிறகு காயவைத்துச் சலிப்பது. ஈரம் போகாமல் பொட்டலம் கட்டினால் வித்து உள்ளேயே முளைத்துச் செத்துவிடும்.

ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளியை எதிர்க்க 1989ல் தொடங்கிய பன்னாட்டு முயற்சியும் கடைசியில் அரிசிக்கே வந்து சேர்ந்தது. அவர்கள் உருவாக்கிய ‘கிரீன் மசில்’ என்ற மருந்தின் பூஞ்சை மெட்டாரைசியம் அக்ரிடம். முதலில் திரவம், பிறகு அரிசி என்று இரண்டு கட்டமாக வளர்த்து, வித்தை எண்ணெயில் கலந்து பாலைவனத்தில் தெளித்தார்கள். 2020ல் சோமாலியாவில் வெட்டுக்கிளிப் படை வந்தபோது இந்தப் பூஞ்சைதான் களத்தில் இறங்கியது. தொற்று கண்ட வெட்டுக்கிளி வெயிலில் போய்க் காய்ந்து, உடம்பைச் சூடேற்றிப் பூஞ்சையைத் தள்ளிப்போடப் பார்க்கும். காய்ச்சலை வெயிலிலிருந்து கடன் வாங்குகிற வைத்தியம்.

தென்னை இருக்கிற ஊருக்கு அரிசியைவிட எளிய வழி தேங்காய்த் தண்ணீர். கொப்பரைக்கு உடைக்கும்போது வீணாக ஓடுகிற தண்ணீரைப் பிடித்து, கொதிக்கவைத்து, அதில் மெட்டாரைசியம் வளர்க்கலாம். அந்தக் கரைசல் 250 மில்லிக்கு 750 மில்லி தண்ணீர் சேர்த்து எருக்குழியில் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். எருக்குழி இந்தப் பூஞ்சைக்கு அரண்மனை. வெயில் இல்லை, ஈரம் உண்டு, புழு மூன்று நான்கு மாதம் அதிலேயே கிடக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது நினைவிருக்கும். சாய்ந்த தென்னை மட்கத் தொடங்கினால் அதுவும் வண்டுக்குப் பிரசவ அறைதான். அப்படிப்பட்ட காலத்தில் நிற்கிற மரத்தைக் காப்பாற்ற, விழுந்த மரத்தைக் கவனிக்க வேண்டும்.

வளர்க்கிறபோது எது வளர்கிறது என்று தெரிவதுதான் பெரிய பாடு. மாணவனாக இருந்த காலத்தில் நான் முதன்முதலில் ஏற்றிய பைகள் நான்கே நாளில் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டன. மற்றவர்களுடையது வெள்ளையிலேயே நிற்க, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வக உதவியாளர் ஒருவர், வயதில் மூத்தவர், பையை ஒரு தரம் முகர்ந்தார். “தம்பி, தேங்காய் வாசம் அடிக்குதே?” என்றார். “நல்லதுதானே அண்ணே?” என்று கேட்டேன். “நல்லதுதான். ஆனா இது உங்க ஆளு இல்ல, டிரைக்கோடெர்மா. வேற நோய்க்குக் குடுக்கலாம், வண்டுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுப் பஞ்சை அழுத்தி அடைத்தார். அத்தனை பையும் குக்கருக்குத் திரும்பிப் போயிற்று. பச்சையாக இருப்பதெல்லாம் மெட்டாரைசியம் இல்லை. டிரைக்கோடெர்மா உண்டு, பெனிசிலியம் உண்டு. கறுப்பு தட்டினால் ஆஸ்பர்ஜில்லஸ். அந்தப் பையைத் திறக்காமலே அவித்துக் கொட்டிவிட வேண்டும்.

எண்ணுவதற்கு இரத்த அணுக்களை எண்ணுகிற கண்ணாடித் தகடே போதும். ஒரு மில்லிமீட்டர் சதுரம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் உள்ள கட்டம். நூறு மடங்கு நீர்த்த கரைசலில் ஒரு கட்டத்துக்குச் சராசரி 40 வித்து இருந்தால், மூலக் கரைசலின் ஒரு மில்லியில் 4 கோடி. வித்து தண்ணீரில் சேராமல் மேலே மிதக்கும் என்பதால் சோப்பு போன்ற ஒரு ஒட்டும் திரவத்தைத் துளி கலக்காமல் எண்ணவும் முடியாது, தெளிக்கவும் முடியாது. பொட்டலத்தில் கிராமுக்கு 10 கோடி உயிர் வித்தாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. தகட்டில் செத்த வித்தும் உயிருள்ள வித்தும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே உணவுத் தட்டில் தூவி எத்தனை முளைக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். நெல் விதைக்கு முளைப்புத்திறன் பார்க்கிற அதே கணக்கு.

இதுவரை சொன்னது கைப்பழக்கம். இனிமேல்தான் சிக்கல். பை நிறைய வித்து, 10 கோடிக்கு மேலே எண்ணிக்கை, முளைப்புத்திறனும் சரி. ஆனால் பூச்சி சாகவில்லை. இப்படி நடக்கிறது, அடிக்கடியே நடக்கிறது.

தினமும் உறை ஊற்றுகிற வீட்டில் இந்த நியாயம் தெரியும். நல்ல தயிரிலிருந்து எடுத்த உறைதான், அடுத்த நாளும் அதிலிருந்தே எடுக்கிறோம். சில வாரத்தில் தயிர் கொழகொழத்தோ புளித்தோ வேறு ஆளாகிவிடும், பக்கத்து வீட்டில் புது உறை கேட்க வேண்டியதாகும். பூஞ்சையும் அப்படித்தான். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டு, அதிலிருந்து அடுத்தது என்று மாற்றிக்கொண்டே போனால் பச்சை வட்டத்துக்குள் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு துண்டு தலைகாட்டும். அதில் வித்து குறைவு, நூல் அதிகம். இன்னும் சில தலைமுறை போனால் தட்டு முழுக்கப் பஞ்சுதான். கண்ணுக்குச் செழிப்பாக இருக்கும், பூச்சியின் மேல் போட்டால் சோம்பேறி.

காரணம் எளிமையானது. தட்டில் சர்க்கரை தாராளம். துளை போட வேண்டாம், தோலைக் கரைக்க வேண்டாம், இரத்த அணுக்களிடம் ஒளிந்து விளையாட வேண்டாம். வேகமாக வளர்கிற கிளைதான் அங்கே வெற்றி பெறும். கொல்லத் தெரிந்த கிளைக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. இன்னொன்றும் நடக்கிறது. ரேமண்ட் செயின்ட் லெஜர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் மெட்டாரைசியத்தின் தோலை அறுக்கும் நொதியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்டது இது: சுற்றிலும் குளுக்கோஸ் இருந்தால் அந்த நொதியைச் செய்யும் மரபணு வாயை மூடிக்கொள்கிறது. சர்க்கரை தீர்ந்து பசி வந்தால்தான் அது பேசும். 2005ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வளமான உணவில் விளைந்த வித்தைவிட, பட்டினியில் விளைந்த வித்து பூச்சியைத் திறமையாகக் கொல்கிறது. பூச்சியின் உடம்பில் விளைந்த வித்தோ, அந்த நொதியைத் தன் மேல் பூசிக்கொண்டே வெளியே வருகிறது. பட்டினியில் விளைந்தவற்றுக்கு வெயிலையும் சூட்டையும் தாங்குகிற வலுவும் கூடுதல் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன.

ஆக, உற்பத்திக்காரருக்கு இருபக்கமும் இடி. நிறைய வித்து வேண்டும் என்றால் அரிசியைக் கொட்ட வேண்டும். கூர்மையான வித்து வேண்டும் என்றால் பட்டினி போட வேண்டும். பட்டினி போட்டால் வித்து கொஞ்சம்தான் விளையும். விலைப்பட்டியலில் கிலோ கணக்குதான் இருக்கிறது, கூர்மைக்குப் பத்தி கிடையாது. எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மருந்து ஒன்று உண்டு, பழைய மருந்து. சில தலைமுறைக்கு ஒருமுறை பூஞ்சையை மறுபடி பூச்சிக்குள் அனுப்பி எடுப்பது. உயிருள்ள புழுவை வித்துக் கரைசலில் தோய்த்து, அது செத்து, பச்சை பூத்த பிறகு, அதிலிருந்து புதுத் தாய்க்குழாய் எடுக்க வேண்டும். பூச்சியைத் துளைக்க முடியாத கிளைகள் அந்த வாசலிலேயே கழிந்துபோகும். போகக்கூடாத தூரம் போய்விட்ட சில வகைகளில் இதுவும் பலிக்காது. அப்போது முதலில் எடுத்துக் குளிரில் உறங்கவைத்த குழாய்க்குத்தான் திரும்ப வேண்டும். ஆகவே நல்ல பூஞ்சை ஆய்வகத்தின் மூலையில் ஒரு புழு வளர்ப்பு டப்பா இருக்கும். மாவும் தேனும் கிளிசரினும் பிசைந்த கலவையில் மெழுகு அந்துப்புழுக்கள் கொழுத்துக்கொண்டிருக்கும். ஓர் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது மைக்ராஸ்கோப்பை அல்ல, இந்த டப்பாவைத்தான்.

ஆய்வகத்துக்கே வர மறுக்கிற பூஞ்சைகளும் இருக்கின்றன. கண்ணாடி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு செத்துப்போன ஈயைச் சுற்றி மாவு தூவியது போல வெள்ளை வளையம் இருந்தால் அது என்டமாப்தோரா. 1855ல் ஃபெர்டினாண்ட் கோன் விவரித்தது. நெல் வயலில் புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் அதன் உறவுக்காரப் பூஞ்சைகள் தாமாகவே வந்து தாக்குகின்றன. மழை தொடர்ந்து பெய்கிற சம்பாவில் புகையான் திடீரென்று அடங்கிப்போவதற்குச் சில நேரம் அவையே காரணம். பாராட்டு என்னவோ முந்தின நாள் தெளித்த மருந்துக்குப் போகும். இவற்றைத் தட்டில் வளர்ப்பது பெரும்பாடு. சர்க்கரைக்கு மயங்குவதில்லை. வித்தும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது, பொட்டலம் கட்ட முடியாது. மெட்டாரைசியமும் பிவேரியாவும் கடைக்கு வந்தது அவை சிறந்த கொலையாளிகள் என்பதால் அல்ல, சோறு போட்டால் வளர்கிற குணத்தால்தான்.

வயலில் போடும்போது என்ன கவனிக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெயிலின் புற ஊதாக் கதிர் சில மணி நேரத்தில் வித்தைக் கொன்றுவிடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்து தெளிக்க வேண்டும். புகையானுக்கு என்றால் தூரின் அடிப்பகுதி நனைய வேண்டும், மேலே இலையை நனைத்துப் பயனில்லை. குலைநோய்க்குப் பூஞ்சைக்கொல்லி அடித்த டேங்கிலேயே இதையும் கலந்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பூஞ்சையும் பூஞ்சைதான் என்பதைப் பூஞ்சைக்கொல்லி மறப்பதில்லை. தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்க அடுக்கி வைத்த பொட்டலத்தையும் வாங்காதீர்கள். தெளித்த மறுநாள் பூச்சி பறந்துகொண்டுதான் இருக்கும். பத்து நாள் பொறுக்க மனம் வராமல் ஐந்தாம் நாள் இரசாயனம் அடித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பூச்சி செத்த பிறகும் மெட்டாரைசியத்தின் வேலை முடிவதில்லை. அது செடியின் வேரிலும் ஒட்டி வாழ்கிறது. 2012ல் கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தில் அடையாளமிட்ட நைட்ரஜனைப் புழுவுக்குள் ஏற்றி, வேருக்கும் புழுவுக்கும் நடுவே பூஞ்சை நூல் மட்டும் நுழைகிற வலையைக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் புழுவின் நைட்ரஜன் செடிக்குள் இருந்தது. வேரைத் தின்ன வந்த புழுவைப் பிடித்து, அதையே உரமாகக் கொண்டுபோய் வேரிடம் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது. சர்க்கரையும் வேட்டையும் மண்ணுக்குள் ஒன்றாக இருக்கின்றன. ஆய்வகத்தில்தான் நாம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறவுக்காரர் மனிதருக்கும் உதவியிருக்கிறார். சிறுநீரகம் மாற்றிய உடம்பு அதை ஏற்றுக்கொள்ளத் தருகிற சைக்ளோஸ்போரின், 1969ல் நார்வேயின் ஒரு பீடபூமியில் அள்ளிய மண்ணிலிருந்த பூஞ்சையில் கிடைத்தது. அந்தப் பூஞ்சையின் இன்னொரு வடிவம் வண்டுப் புழுவைக் கொன்று வாழ்கிறது என்பது 1996ல்தான் தெரிந்தது. யாரும் அதை வண்டிடம் தேடவில்லை. மண்ணில் தற்செயலாக அகப்பட்டது.

எருக்குழிப் புழு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, அண்ணாமலை நகர் வேளாண் புலம் மாதிரி ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தால், பூஞ்சையைக் குழாயில் சாய்த்து வளர்த்து, மேலே துண்டுச் சீட்டு ஒட்டுவார்கள். எந்தப் பூச்சி, எந்த ஊர், எந்தத் தேதி. “காண்டாமிருக வண்டுப் புழு, எருக்குழி, குமராட்சி” என்று எழுதியிருக்கும். ஒழுங்கான ஆய்வகத்தில் கீழே இன்னொரு எண்ணும் இருக்கும்: பூச்சியை விட்டு வந்த பிறகு எத்தனையாவது தட்டு. ஒன்று, இரண்டு என்றால் நம்பலாம். பதினைந்து என்றால் புழு டப்பாவைத் திறக்க வேண்டும்.

உரக்கடையில் நான் புரட்டிப் பார்த்த பொட்டலங்களில் வித்து எண்ணிக்கை இருக்கிறது, தயாரித்த தேதி இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது. இந்த எண் எதிலும் இல்லை.